கான்வாஸ் பை யாருடையது

அந்தக் கடிதத்தை டைப் அடித்தவள் நான். டில்லியிலிருந்து மெட்ராசுக்கு விமானத்தில் வரும்போது மூன்று பாட்டில் விஸ்கி கொண்டுவரலாமா, கையில் வைத்துக்கொள்ள வேண்டுமா, சாமானோடு போட வேண்டுமா என்று விமானக் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீசைக் கேட்டு எங்கள் மானேஜர் எழுதிய கடிதம். ஒரு கார்பன் வைத்து அடித்தேன். மூலத்தில் முழுக் கையெழுத்துப் போட்டார். நகலில் இரண்டெழுத்து இனிஷியல் போட்டார். அந்த இரண்டெழுத்து இன்றும் என் கண் முன்னால் நிற்கிறது. நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சாராயக் கடைகளைத் திறந்துவிட்டு மறுபடியும் மூடியிருந்த வருடங்கள். கும்மிடிப்பூண்டியில் வயலும் சவுக்கைத் தோப்புமாக இருந்த இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. எங்களுடையது இரும்புக் குழாய் செய்யும் கம்பெனி. அண்ணன் அங்கே கார் டிரைவர். ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை காலியாக இருக்கிறது என்று அவன்தான் வந்து சொன்னான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மணவாள நகரிலிருந்து புறப்பட்டு, திருவள்ளூரில் பஸ் ஏறி, பெரியபாளையம் வழியாகக் கவரைப்பேட்டை போய், அங்கே வேறு பஸ் பிடிக்க வேண்டும். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குக் கூப்பிட்டால் தொலைந்தேன். பெரியபாளையத்தில் அம்மன் கோயிலுக்கு வரும் வேப்பிலையும் கூட்டமுமாகப் பஸ் நகராது. மானேஜர் எப்போது கூப்பிடுவாரோ என்று அண்ணன் கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தான். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவான். வீட்டில் அம்மா மட்டும். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார்.

அண்ணன் குடிக்க மாட்டான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவனுக்கு அந்த வாசனையே ஆகாது. இருமல் மருந்து குடிக்கவே மூக்கைப் பிடித்துக்கொள்வான்.

கம்பெனி கேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. அங்கே தடாவில் சாராயக் கடை திறந்திருந்தது. ஷிப்ட் முடிந்து சிலர் அங்கே போய்வருவார்கள். அதனால் வேலைக்கு உள்ளே வருகிற ஒவ்வொரு ஆளும் காவல்காரர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊத வேண்டும். ஐம்பது வயது ஃபிட்டர்கூட ஊதினார். வாடை வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, மூன்றாவது முறை வந்தால் வேலையே இல்லை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதை அடித்தவளும் நான்தான். மானேஜர் கார் வரும்போது அதே காவல்காரர் கேட்டை அகலத் திறந்துவிட்டு சல்யூட் அடிப்பார். காருக்குள் இருந்தவர் வாயில் என்ன வாடை என்று யாரும் கேட்டதில்லை. கம்பெனி கெஸ்ட் ஹவுசில் சனிக்கிழமைகளில் எதற்காக ஐஸ் வாங்குகிறார்கள் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

மானேஜர் பர்மிட்டுக்கும் ஒருமுறை முயற்சி செய்தார். உடம்புக்கு மது தேவை என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தால் சர்க்கார் பர்மிட் கொடுக்கும். படிவத்தை வரவழைத்து என்னை நிரப்பச் சொன்னார். பாதியில் பிடுங்கிப் படித்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்னைக் குடிகாரன்னு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமா?" என்று கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

அதற்குப் பிறகுதான் விமானக் கம்பெனிக்கு அந்தக் கடிதம். ஒரு வாரத்தில் பதில் வந்தது. கவரைப் பிரித்துக் கொடுத்தபோது, "படி" என்றார். படித்தேன். மூடி திறக்காத பாட்டிலாக இருக்க வேண்டும். விமானத்துக்குள் திறக்கவோ குடிக்கவோ கூடாது. சாமானோடு போட்டால் நன்றாகச் சுற்றிப் போட வேண்டும், உடைந்தால் விமானக் கம்பெனி பொறுப்பல்ல. கடைசியாக, இறங்கும் இடத்தில் மதுவிலக்குச் சட்டம் இருந்தால் அதற்குரிய அனுமதிச் சீட்டைப் பயணியே வைத்திருக்க வேண்டும், பிடிபட்டால் அது பயணியின் பொறுப்பு.

கடைசி வரியை நான் கொஞ்சம் அழுத்தித்தான் படித்தேன்.

"பர்மிட் இல்லையே சார்" என்றேன்.

"அதை நான் பாத்துக்கறேன். நீ ஃபைல்ல போடு."

நான் அடித்த கடிதத்தின் நகலையும் அந்தப் பதிலையும் சேர்த்துக் குத்தி ஃபைலில் போட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் மானேஜர் டில்லிக்குப் போனார். திரும்பி வருகிற நாளன்று காலையிலேயே அண்ணன் காரைக் கழுவித் துடைத்துக்கொண்டு மீனம்பாக்கம் புறப்பட்டான். விமானம் மத்தியானம். நான்கு மணிவாக்கில் ஆபீஸ் வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. மானேஜர் மட்டும் இறங்கினார். கையில் சூட்கேஸ். நேராக அறைக்குள் போய் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணன் எங்க சார்? கார் ரிப்பேரா?"

"உக்காரும்மா. நோட்புக் எடு."

எடுத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். இன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில் மது பாட்டில்களுடன் நீங்கள் போலீசாரால் பிடிக்கப்பட்டதாலும், அது கம்பெனியின் பெயருக்குக் களங்கம் என்பதாலும், விசாரணை முடியும்வரை உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கிறோம். அவ்வளவுதான் கடிதம். மூன்றாவது வரியில்தான் எனக்குப் புரிந்தது. பென்சில் நின்றுவிட்டது.

"யாருக்கு சார் இது?"

"பேரு உனக்குத் தெரியுமே. நான் வேற சொல்லணுமா?"

அந்தக் குரலில் சங்கடம் என்று ஏதாவது இருந்ததா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை. குழாய் லோடு தாமதமானால் எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் பேசினார்.

நான் வெளியே வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். அந்தத் தாளைக் கிழித்து அவர் மேஜையில் எறிந்திருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். செய்யவில்லை. இவ்வளவு காலம் அவர்மேல் வைத்திருக்கிற கோபத்தில் ஒரு பங்கு, அன்றைக்கு அடங்கி உட்கார்ந்து அடித்த அந்தப் பெண்ணின் மேலும் எனக்கு உண்டு.

கம்பெனி வக்கீல் ஜாமீன் எடுத்த பிறகு, மறுநாள் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். சட்டை முழுக்க விஸ்கி வாடை. அம்மா ஒன்றும் கேட்காமல் தண்ணீர் விளாவி வைத்தாள். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு நான்தான் கேட்டேன்.

"இன்னா நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லு."

"இன்னாத்த சொல்றது. சார் வெளிய வந்தாரு. பொட்டிய அவரே எடுத்துக்கினாரு. ஒரு லக்கேஜ் சீட்ட என் கைல குட்த்து, இன்னும் ஒரு பை வரும், வாங்கிக்கினு வா, நான் கார்ல கீறேன்னாரு. நான் போய் நின்னேன். கான்வாஸ் பை ஒண்ணு வந்துச்சு. தூக்குனா சொட்டுது. உள்ள ஒடஞ்சி போயிருக்குது. தோள்ல மாட்டிக்கினு ரெண்டு அடி வெச்சேன், போலீஸ்காரர் வந்துட்டாரு. அந்த நாத்தத்துக்கு வராம இருப்பாரா."

"நீ சொல்ல வேண்டியதுதான, சாரோடதுன்னு."

"சொன்னேன். கார்கிட்டயே இட்டுக்கினு போனேன். சார் கண்ணாடிய எறக்கி, டில்லி ஆபீஸ்ல யாரோ டிரைவருக்குக் குடுக்கச் சொன்னாங்க, உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்ட்டாரு. இங்கிலீஷ்ல வேற இன்னாவோ சொன்னாரு. அதுக்கப்புறம் போலீஸ்காரரு அவருக்கு சல்யூட் வெச்சாரு. அவரு டாக்சி புடிச்சிப் போய்ட்டாரு."

பையில் ஒரு பாட்டில் உடைந்திருந்தது. இரண்டு முழுசாக இருந்தன. அண்ணன் இதைச் சாதாரணமாகச் சொன்னான். மூன்று பாட்டில். அந்த எண்ணை அடித்தது என் விரல்.

"என்னாண்ட லெட்டர் கீதுண்ணா" என்றேன். "அவரே கேட்டு எழுதுன லெட்டர். ஃபைல்ல கீது. கோர்ட்ல காட்டலாம்."

அண்ணன் முகம் மாறிப்போனது. "நீ எதையும் தொடாத" என்றான். "வக்கீல் பாத்துக்கறேன்னு சொல்லிக்கீறாரு. நீ பாட்டுக்கு வேலைக்குப் போ."

ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்குப் புரியவில்லை. கோபம்தான் வந்தது. பத்து நாள் கழித்து கோர்ட்டில், பை தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டான். அபராதத்தைக் கம்பெனி கட்டியது. எனக்கு இதெல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். நான் அன்றைக்கு ஆபீசில் உட்கார்ந்து மானேஜருடைய அடுத்த டில்லிப் பயணத்துக்குப் போனில் டிக்கெட் சொல்லிவைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்குத் திருப்பாச்சூரில் ஒரு பெண்ணை நிச்சயம் செய்திருந்தோம். கொஞ்சம் நெல் நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். கேஸ் விஷயம் எப்படியோ அவர்கள் காதுக்குப் போய்விட்டது. பெண்ணின் அப்பா ஒரு காலை வந்தார். அம்மா வைத்த காபியைத் தொடவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. தம்பி குடிக்கிறாருன்னு நான் சொல்லல. ஆனா அவரே ஒத்துக்கினாருன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. நாளைக்கி எம் பொண்ண நாலு பேர் கேட்டா நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

அவரிடம் கோபப்பட எனக்கு வழி இல்லை. அவர் கேட்டதில் தவறில்லை. ஒத்துக்கொண்டது உண்மைதானே. அவர் போன பிறகு அண்ணனைப் பிடித்துக் கத்தினேன். "ஏன் ஒத்துக்கினே? சொல்லு. எவ்ளோ குட்த்தான்?" என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அம்மா தடுக்கத் தடுக்கக் கேட்டேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். இரண்டு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு கம்பெனியிலிருந்து ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. எனக்குத் தெரியாமல் வக்கீல் ஆபீசில் அடித்து அனுப்பியிருந்தார்கள். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். விசாரணைக்குத் தேதி போட்டிருந்தார்கள். அதைப் படித்துக் காட்டியபோதுதான் அண்ணன் உடைந்தான்.

"ஒத்துக்கினா ஒரு வாரத்துல வேலைல வெச்சிக்கிறேன்னாரும்மா. ஜாமீன் எடுத்த அன்னிக்கே, வக்கீல் எதுருலதான் சார் சொன்னாரு."

"அத நம்பிட்டியா?"

"நம்பல. ஆனா இன்னொண்ணு சொன்னாரு. நீ ஒத்துக்கலன்னா உன் தங்கச்சியும் நாளைலேர்ந்து வர வேணாம்னு. ரெண்டு பேரும் ஊட்ல உக்காந்தா அம்மாக்கு யாரு சோறு போடறது? அதான்."

எனக்காகத்தான் செய்தான் என்று கேட்டால் மனம் இளக வேண்டும் என்பார்கள். எனக்கு இளகவில்லை. தலைக்கு ஏறியது. என்னைக் கேட்காமல் என் பேரில் ஒரு பேரம் நடந்திருக்கிறது. அந்த ஆள் ஒரு பக்கம் என்னை வைத்து என் அண்ணன் கழுத்தை நெரித்துவிட்டு, மறு பக்கம் தினமும் என்னிடம் "குட் மார்னிங்" சொல்லி டிக்டேஷன் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நானும் பதிலுக்கு குட் மார்னிங் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது ஃபைலைத் திறந்து நகலையும் பதிலையும் கழற்றி என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

விசாரணை கம்பெனியின் மீட்டிங் அறையிலேயே நடந்தது. மெட்ராசிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாக வைத்திருந்தார்கள். அண்ணனுக்குத் துணையாக யூனியனிலிருந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். கேட்டில் தினமும் ஊதுகிற அதே வயதான ஃபிட்டர்தான். மானேஜர் சாட்சி சொன்னார். டில்லி ஆபீசில் யாரோ கொடுத்த பை, உள்ளே என்ன என்று தெரியாது, டிரைவருக்கு இந்தப் பழக்கம் உண்டு என்று முன்பே சந்தேகம், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். அடுத்து எங்கள் பக்கத்துச் சாட்சி யார் என்று அதிகாரி கேட்டபோது ஃபிட்டர் என் பேரைச் சொன்னார். மானேஜர் அப்போதுதான் முதல் தடவையாக என்னைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

நான் இரண்டு தாளையும் மேஜையில் வைத்தேன். அதிகாரி படித்தார். மறுபடி படித்தார்.

"இது உங்க இனிஷியலா?" என்று மானேஜரைக் கேட்டார்.

"நான் தினம் நூறு பேப்பர்ல போடறேன். இது பொதுவாத் தகவல் கேட்ட லெட்டர். டில்லியிலேர்ந்து வர கெஸ்ட்டுங்களுக்காகக் கேட்டது."

"மூணு பாட்டில்னு எழுதியிருக்கே?"

"ஒரு உதாரணத்துக்கு."

நான் குறுக்கே பேசினேன். பேசக் கூடாது என்று ஃபிட்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். இருந்தும் பேசினேன். "பையில ஒடஞ்சது ஒண்ணு, ஒடையாதது ரெண்டு சார். உதாரணம் சரியா இருக்குது."

மானேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "முதல்ல இது எப்படி வெளிய வந்தது? ஆபீஸ் ரெக்கார்ட். திருடிட்டு வந்திருக்கா."

"நீங்க ஃபைல்ல போடச் சொன்னீங்க சார், போட்டேன். இன்னிக்கி ஃபைல்லேர்ந்து எடுத்து இந்த ரூமுக்குக் கொண்டாந்தேன். ஆபீச விட்டு எங்கயும் போகல." முழுக்க உண்மை இல்லை. இரண்டு ராத்திரி அந்தத் தாள்கள் என் தலையணை உறைக்குள் இருந்தன. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்து, "அம்மா, இந்த லெட்டர் அந்தப் பை யாரோடதுன்னு சொல்லலியே. உங்க அண்ணனே கோர்ட்ல தன்னோடதுன்னு சொல்லியிருக்கார். நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.

"ஏன் அப்படிச் சொன்னான்னு அவன கேளுங்க."

கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னான். அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, கம்பெனிக்கு அவன்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று அறிக்கை கொடுத்தார். அண்ணனை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆபீஸ் ரெக்கார்டை அனுமதியில்லாமல் எடுத்ததாக என்னையும் நீக்கி ஒரு கடிதம் வந்தது. என் இடத்துக்கு வந்திருந்த புதுப் பெண் அதை அடித்திருந்தாள். இரண்டு பிழை இருந்தது.

கணக்கு முடித்துக் கம்பெனியை விட்டு வந்த நாளன்று மானேஜர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். அவர் போனில் இருந்தார். வைக்கும்வரை நின்றேன்.

"என்னம்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாம் சார். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். ஒரு ஃபாரத்துல குடிப்பேன்னு எழுத வெக்கப்பட்டீங்க. அந்த வெக்கத்த எங்க அண்ணன் தலையில வெச்சீங்க. கல்யாணம் நின்னு போச்சு அவனுக்கு."

"வெளிய போ" என்றார். போனேன். அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நடுங்கவில்லை.

யூனியன் அண்ணன் வழக்கை லேபர் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது. என் வழக்கை எடுக்கவில்லை. ஆபீஸ் ஆட்கள் யூனியனில் கிடையாது என்றார்கள். நான் திருவள்ளூரில் ஒரு வக்கீலிடம் டைப் அடிக்கப் போனேன். அண்ணன் நெல்லூருக்கு லாரி ஓட்டினான். ஆந்திராவிலிருந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஆரம்பாக்கம் செக் போஸ்டில் லாரியை நிறுத்தி பாட்டில் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். "நம்மாண்ட இன்னா கீது, நல்லா பாத்துக்கோ நைனா" என்று இறங்கி நிற்பானாம். சிரித்துக்கொண்டே வந்து சொல்வான். எனக்குச் சிரிப்பு வராது. இதற்கிடையில் மானேஜருக்குப் பதவி உயர்வு கொடுத்து டில்லிக்கே மாற்றினார்கள். ரயில்வே ஸ்டேஷனில் மாலை போட்டு அனுப்பினார்கள் என்று ஃபிட்டர் வந்து சொன்னார். நான் டைப் மெஷினின் ரிப்பனை மாற்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மை. அப்படியே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருடம் போனது. லேபர் கோர்ட்டில் என் கார்பன் நகலை ஆவணமாகக் குறித்துக்கொண்டார்கள். கம்பெனி எத்தனை எதிர்த்தும் அதை மறுக்க முடியவில்லை. அண்ணனைத் திரும்ப வேலையில் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது அவன் தவறு என்றும், இடையில் போன மூன்று வருடத்துக்கும் சம்பளம் கிடையாது என்றும் எழுதியிருந்தார்கள். யார் ஒப்புக்கொள்ள வைத்தார் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. டில்லிக்குப் போனவரை யாரும் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை.

அண்ணன் வேலைக்குத் திரும்பப் போக வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன். "போனா நீ தோத்த மாதிரி" என்றேன்.

"லாரி ஓட்டி இடுப்பு போச்சும்மா. வேல வேலதான். எனக்கு எவன் மேலயும் கோவம் இல்ல."

"எனக்குக் கீது."

"அத நீயே வெச்சிக்கோ" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை.

முதல் நாள் வேலை முடிந்து நேராக மணவாள நகர் வீட்டுக்கு வந்தான். புதிதாக வந்த மானேஜர் நல்ல மாதிரியாம். கம்பெனி வேன் ஓட்டச் சொல்லியிருக்கிறாராம். அம்மா தட்டு வைத்தாள். நான் அவன் எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா? தப்பு நடந்து போச்சுன்னு, மன்னிச்சுக்கோன்னு, எவனாவது?"

அவன் கொஞ்சம் யோசித்தான். உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தான்.

"இல்லம்மா. யாரும் ஒண்ணும் சொல்லல. வண்டிக்கு பிரேக்கு சரியில்லன்னு மட்டும் சொன்னாங்க."

சாதத்தைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான். நல்ல பசி போலிருக்கிறது, இரண்டாம் முறை குழம்பு கேட்டான். அம்மா எனக்கும் தட்டு வைத்தாள். எனக்கு ஒரு பருக்கைகூட இறங்கவில்லை.